இன்னொரு தடவை இடுப்பில் ஆபரேஷனா?

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து மறுபடியும் வலி வந்தவர்களின் கடிதங்கள் இந்த மாதம் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து ஏழாக்கியிருக்கிறோம். முதுகுத்தண்டு அறுவை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் வயது 41. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் எல்4–எல்5 டிஸ்க்குக்கு மைக்ரோ ஆபரேஷன் நடந்தது. கால் வலி அன்றைக்கே விட்டது. பதினொரு மாதம் நன்றாக இருந்தேன். ஐந்து வாரத்துக்கு முன் 25 கிலோ அரிசி சிப்பத்தைத் தூக்கினேன். மறுநாளே பழையபடி இடது பிட்டத்திலிருந்து கால் பெருவிரல் வரை இழுக்கிறது. ஸ்கேனில் 'அதே இடத்தில் மீண்டும் பிதுக்கம், தழும்பும் இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் உடனே செய்யச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், ஈரோடு

இரண்டு பேருமே தப்பாகச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பதினொரு மாதம்தான். மறு ஆபரேஷன் பற்றி யார் கேட்டு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, 'முதல் ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை நாள் வலியில்லாமல் இருந்தீர்கள்?' என்பதைத்தான். மாதக்கணக்கில் நன்றாக இருந்து, பிறகு ஒரு நாளில் அதே காலில் அதே வலி திரும்பினால், அது புதிதாக ஒரு துண்டு பிதுங்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். மறு ஆபரேஷனில் நல்ல பலன் காண்பவர்களும் பெரும்பாலும் இந்த வகையினர்தான்.

ஏன் திரும்ப வருகிறது? டிஸ்க் என்பது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள மெத்தை; வெளியே நார் வளையம், உள்ளே ஜவ்வு. எல்4–எல்5 என்றால் இடுப்புப் பகுதியின் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவில் உள்ளது. ஆபரேஷனில் வளையத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து நரம்பை அழுத்தும் ஜவ்வையும், உள்ளே தளர்ந்து கிடக்கும் துணுக்குகளையும் மட்டும்தான் எடுப்பார்கள். மிச்ச ஜவ்வு உள்ளேயே இருக்கும். கிழிசலைத் தைப்பது வழக்கமில்லை. அது தானாகத் தழும்பு கட்டி மூட வேண்டியதுதான். கிழிசல் அகலமாக இருந்தால், அதாவது 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால், அதே வாசல் வழியாக மிச்ச ஜவ்வு மறுபடி வெளியே வருவது சுலபம். மொத்தத்தில் 100 பேரில் 5 முதல் 15 பேருக்கு இப்படித் திரும்ப வருகிறது. ஆகவே முதல் டாக்டர் சரியாகச் செய்யவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை.

அடுத்தது, 'தழும்பும் இருக்கலாம்' என்ற வரி. ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் நரம்பைச் சுற்றித் தழும்பு இருக்கும். பலருக்கு அதனால் தொந்தரவே இராது. சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தழும்பும் ஜவ்வும் ஒன்று போலவே தெரியும். கையில் கடோலினியம் மருந்து ஏற்றி எடுத்தால் ரத்தக் குழாய்கள் உள்ள தழும்பு முழுக்க வெள்ளையாக மின்னும். ரத்த ஓட்டமில்லாத ஜவ்வு நடுவில் கறுப்பாகவே இருந்து, ஓரம் மட்டும் மின்னும். இந்தப் படம் இல்லாமல் மறு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்க வேண்டாம். மருந்து ஏற்றும் முன் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வார்கள். படத்தில் வெறும் தழும்புதான் என்று வந்தால் கத்தி வேண்டாம். தழும்பை வெட்டினால் அந்த இடத்தில் புதுத் தழும்பு வளரும், அவ்வளவுதான்.

இனி, பொறுக்கலாமா என்ற கேள்வி. அதைத் தீர்மானிப்பது வலியின் அளவை விடக் காலின் பலம். வீட்டிலேயே மூன்று சோதனை செய்து பாருங்கள். குதிகாலால் மட்டும் பத்து அடி நடங்கள். சுவரைப் பிடித்து இடது காலில் மட்டும் நின்று, பத்து முறை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். படுத்தபடி பெருவிரலை மேலே தூக்கி, வேறொருவர் விரலால் கீழே அமுக்கச் சொல்லுங்கள். வலது காலில் முடிவது இடது காலில் முடியவில்லை என்றால், அதிலும் முன்பாதம் தரையிலிருந்து எழவில்லை என்றால், பொறுப்பது உங்களுக்கான வழியல்ல; அதே வாரம் மருத்துவரைப் பாருங்கள். எல்4–எல்5 இடத்தில் பெரும்பாலும் நசுங்குவது எல்5 நரம்பு. பாதத்தைத் தூக்கும் வேலை அதனுடையது. நரம்பு வாரக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால் அழுத்தம் எடுத்த பிறகும் பலம் முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

பலம் நன்றாக இருந்து வலி மட்டும் என்றால் மொத்தம் 6 முதல் 12 வாரம் முயன்று பார்க்கலாம். உங்களுக்கு 5 வாரம் ஆகிவிட்டது. முழுதாகப் பிய்ந்து வெளியே வந்த துண்டை உடலே கரைத்துச் சுருக்கிவிடுவதும் உண்டு. கேட்க விசித்திரமாக இருந்தாலும், சின்னப் பிதுக்கத்தை விடப் பெரிய துண்டுதான் அதிகம் சுருங்குகிறது. நெதர்லாந்தில் டிஸ்க் பிதுங்கிக் கால் வலி வந்த 283 பேரை, சீக்கிரம் ஆபரேஷன் செய்யும் குழு, காத்திருக்கும் குழு என்று பிரித்துச் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு குழுவிலும் நூற்றுக்கு 95 பேர் அளவில் தேறியிருந்தார்கள். காத்திருந்த குழுவிலும் ஐந்தில் இரண்டு பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவர்கள் எல்லோரும் முதல் முறை நோயாளிகள் என்பதால் அந்தக் கணக்கை அப்படியே உங்களுக்குப் போட முடியாது. பொறுப்பது முட்டாள்தனமல்ல என்பதற்கு அது சாட்சி.

பொறுக்கும் காலத்தில் படுத்தே கிடக்காதீர்கள். படுக்கை இரண்டு நாளுக்கு மேல் போனால் நன்மையில்லை. ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் நடை. கல்லாவில் உட்கார்ந்தால் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். வலி மாத்திரையை வயிற்றுப் பாதுகாப்பு மாத்திரையோடு, மருத்துவர் சொன்ன நாள் வரை மட்டும். 'நரம்பு மாத்திரை' என்று தரப்படும் பிரிகாபலின், 2017-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் கால் வலிக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையை விட மேலாக வேலை செய்யவில்லை. தலைசுற்றல்தான் அதிகம் வந்தது. ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். நரம்பு வேர் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் இடைவெளி தரும். அந்த இடைவெளியில் துண்டு சுருங்கினால் தப்பித்தீர்கள்.

12 வாரம் தாண்டியும் உட்கார முடியவில்லை, தூக்கமில்லை, மருந்து ஏற்றிய படத்தில் இடது பக்கம் துண்டு தெளிவாகத் தெரிகிறது என்றால் மறுபடி மைக்ரோ ஆபரேஷன் செய்துகொள்வது நியாயம். சரியான ஆளுக்குச் செய்தால் அதன் பலன் முதல் முறைக்குக் கிட்டத்தட்ட நிகர். ஒரு வித்தியாசம் உண்டு: நரம்புறை பழைய தழும்போடு ஒட்டியிருக்கும், பிரிக்கும்போது கிழிந்து தண்டுவட நீர் கசியும் வாய்ப்பு முதல் முறையை விட அதிகம். கிழிந்தால் அங்கேயே தைத்து, ஓரிரு நாள் கூடுதலாகப் படுக்க வைப்பார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் எல்5–எஸ்1 ஆபரேஷன். ஒரு நாள்கூட வலி விடவில்லை. 'கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, திரும்பத் திறந்து எடுத்துவிடலாம்' என்கிறார்கள்.
– வாசகி, மதுரை

ஈரோட்டுக்காரர் கதை வேறு, உங்களுடையது வேறு. ஒரு நாள்கூட விடவில்லை என்றால், துண்டு மறுபடி வந்ததா என்று தேடுவதற்கு முன், முதலில் குறி வைத்த இடம் சரியா என்று பார்க்க வேண்டும்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் அட்டை போதாது. ஆபரேஷன் குறிப்பின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த மட்டம் (எந்த இரண்டு எலும்புக்கு நடுவே), எந்தப் பக்கம், என்ன எடுத்தார்கள், நரம்பு தளர்ந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பிறகு ஒரு சாதாரண எக்ஸ்ரே எடுத்து எலும்புகளை எண்ணச் சொல்லுங்கள். சிலருக்குக் கடைசி இடுப்பு எலும்பு கீழே உள்ள திரிகத்தோடு (எஸ்1 தொடங்கும் முக்கோண எலும்பு) ஒட்டிப் பிறந்திருக்கும். அப்போது ஒருவர் எல்5 என்பதை இன்னொருவர் எல்4 என்பார். மட்டம் மாறிப் போவதற்கு இது ஒரு பழைய காரணம்.

மிச்சத் துண்டு உண்மையிலேயே இருக்கலாம். டிஸ்க்கை எடுத்தும் நரம்பு வெளியேறும் ஓரப் பாதை எலும்பால் குறுகியே இருக்கலாம். வலி இடுப்பு மூட்டிலிருந்தோ, பிட்டத்துக்கு மேலுள்ள சாக்ரோ இலியாக் மூட்டிலிருந்தோ வந்திருக்கலாம். அப்படியானால் டிஸ்க்கில் எத்தனை முறை கை வைத்தாலும் போகாது. நீண்ட நாள் நசுங்கிய நரம்பு தானே காயப்பட்டு, அழுத்தம் நீங்கிய பின்னும் எரிந்துகொண்டிருப்பதும் உண்டு. அதற்கும் கத்தி மருந்தல்ல.

இன்னொன்றையும் நினைவுபடுத்திப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து, கட்டிலில் புரளக்கூட முடியாத இடுப்பு வலி, காய்ச்சல் என்று ஏதாவது வந்ததா? டிஸ்க்கில் கிருமி தொற்றினால் அப்படி வரும். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை அளவு ஆபரேஷனுக்குப் பிறகு ஏறி, சாதாரணமாக இரண்டு வாரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். மூன்று மாதம் ஆகியும் உயர்ந்தே இருந்தால் தொற்றைத் தேட வேண்டும். இரவு வலியோடு எடை குறைவும் மாலைக் காய்ச்சலும் சேர்ந்தால் நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயையும் மறக்கக் கூடாது.

இதெல்லாம் முடிந்து, நரம்பு அழுத்தம் தெளிவாகத் தெரிந்தால்தான் மறு ஆபரேஷன். அதுவரை 'திறந்து பார்ப்போம்' என்ற பேச்சுக்குச் சம்மதிக்காதீர்கள்.

லாரி ஓட்டுகிறேன், வயது 48. ஒரே இடத்தில் இரண்டு தடவை டிஸ்க் எடுத்தாகிவிட்டது. இப்போது கால் வலி கொஞ்சம், இடுப்பு வலிதான் அதிகம். மூன்றாவதாக ஸ்க்ரூ, ராடு போட வேண்டும் என்கிறார்கள். போட்டால் வண்டி ஓட்டலாமா?
– வாசகர், நாமக்கல்

உங்களுக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். டிஸ்க் எடுப்பது கால் வலிக்கான வைத்தியம். இடுப்பு வலிக்கு ஸ்க்ரூ போடுவது அவ்வளவு உறுதியான வைத்தியமல்ல. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் வெற்றி வாய்ப்பு முந்தினதை விடக் குறைந்துகொண்டே வரும்.

ஸ்க்ரூ தேவைப்படும் நிலைமைகள் உண்டு. ஒரே இடத்தில் மூன்றாவது முறை துண்டு வந்தால், நரம்பை விடுவிக்க மூட்டு எலும்பைப் பெருமளவு எடுக்க வேண்டியிருந்தால், எலும்பு நழுவியிருந்தால். கடைசியதைப் பார்க்கப் படுத்து எடுத்த எம்.ஆர்.ஐ. போதாது. நின்றபடி முன்னால் குனிந்து ஒன்று, பின்னால் வளைந்து ஒன்று என்று எக்ஸ்ரே எடுப்பார்கள். இரண்டுக்கும் இடையே எலும்பு 3–4 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் அந்த மட்டம் ஆடுகிறது என்று பொருள். உங்களுக்கு அந்தப் படம் எடுத்தார்களா என்று கடிதத்தில் இல்லை. எடுக்கவில்லை என்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

ஒரு மட்டத்துக்கு வழக்கமாக நான்கு டைட்டானியம் ஸ்க்ரூ, இரண்டு ராடு, டிஸ்க் இருந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்பிய ஒரு கேஜ் (சின்னக் கூடு). உலோகம் தற்காலிகச் சாரம் மாதிரிதான். மேல் எலும்பும் கீழ் எலும்பும் ஒன்றாக ஒட்டுவதுதான் உண்மையான வேலை. அதற்கு 6 மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஒட்டாவிட்டால் ஸ்க்ரூ தளரும், முறியும். ஒட்டாமல் போவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று நிகோடின். பீடி, சிகரெட், வாயில் அடக்கும் புகையிலை எல்லாம் கணக்கில் வரும். ஆபரேஷனுக்குக் குறைந்தது 4 முதல் 6 வாரம் முன்பே நிறுத்தி, எலும்பு ஒட்டும்வரை தொடக் கூடாது. நிறுத்த முடியாதவர் ஸ்க்ரூவைத் தள்ளிப் போடுவதே நல்லது. நன்றாக ஒட்டிய பிறகும், அந்த மட்டம் அசையாததால் மேலே உள்ள டிஸ்க்குக்குப் பாரம் கூடும். சில வருடத்தில் அது தேய்ந்து புதுத் தொந்தரவு வரலாம்.

லாரி விஷயம்: எலும்பு ஒட்டியது படத்தில் தெரியும்வரை தொலைதூர ஓட்டமும் சரக்கு ஏற்றி இறக்குவதும் கூடாது. ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வருமானத்துக்கு வழி இருக்கிறதா என்று வீட்டில் பேசிய பிறகு தேதி வாங்குங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகும் மருத்துவமனையில் உங்களுக்கான சிகிச்சை அதில் வருகிறதா என்று காப்பீட்டு உதவி மேசையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். சம்பள இழப்பை எந்த அட்டையும் தராது.

எந்த அறிகுறி வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்கக் கூடாது?
– வாசகி, நாகர்கோவில்

சிறுநீர் முட்டியும் போகாமல் நிற்பது, அல்லது தெரியாமலே சொட்டுவது. கால் கழுவும்போது ஆசன வாயைச் சுற்றியும் பிறப்புறுப்பிலும் தொடு உணர்வு இல்லாமல் இருப்பது. மலம் அடக்க முடியாமை. இரண்டு காலும் சேர்ந்து தளர்வது. இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்து, எம்.ஆர்.ஐ. வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். 24 முதல் 48 மணிக்குள் அழுத்தம் எடுக்கப் பார்ப்பார்கள். வலி குறைந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள். நரம்பு செத்துக்கொண்டிருக்கும்போதும் வலி குறையும்.

லேசர், என்டோஸ்கோபி என்று விளம்பரம் வருகிறதே? தழும்பே இல்லாமல் இரண்டாவது முறை செய்கிறார்களாம்.
– வாசகர், சென்னை

இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது விளம்பரக்காரர்களின் சாமர்த்தியம். ஊசி வழியாக லேசரால் டிஸ்க்கைச் சுட்டுச் சுருக்குவது, வளையம் கிழியாமல் லேசாகப் புடைத்திருப்பவர்களுக்காக வந்தது. கிழிந்து வெளியே வந்த துண்டை அது ஒன்றும் செய்யாது.

என்டோஸ்கோபி வேறு. பக்கவாட்டிலிருந்து, நரம்பு வெளியேறும் துவாரம் வழியாகக் குழாய் செலுத்தினால் முதுகின் நடுவிலுள்ள பழைய தழும்பைத் தொடாமலே போகலாம். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தால் போதும். நரம்பில் கை பட்டால் நோயாளியே சொல்வார். மறு பிதுக்கத்துக்கு உண்மையிலேயே நல்ல வழிகளில் ஒன்று. துண்டு மேலேயோ கீழேயோ தூரம் நகர்ந்திருந்தால், முதுகுத்தண்டுக்குள் நரம்புகள் போகும் கால்வாயே குறுகியிருந்தால், அல்லது எல்5–எஸ்1-ல் இடுப்பெலும்பு உயரமாக மறித்தால் பக்க வழி கஷ்டம். 'மறு ஆபரேஷன்களை இந்த முறையில் எத்தனை செய்திருக்கிறீர்கள்?' என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்தில் செய்துகொள்ள வேண்டியதில்லை.

அம்மாவுக்கு 67 வயது, 15 வருடமாகச் சர்க்கரை. பத்து வருடம் முன் டிஸ்க் ஆபரேஷன். இப்போது இரண்டு பாதமும் எரிகிறது, நடந்தால் கால் கனக்கிறது. ஸ்கேனில் மூன்று இடத்தில் டிஸ்க் புடைப்பாம். திரும்பச் செய்ய வேண்டுமா?
– வாசகர், தஞ்சாவூர்

ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்தால் 60 வயதுக்காரர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களை மேசையில் ஏற்ற வேண்டியிருக்கும். முதுகு வலியே இல்லாதவர்களிலும் அந்த வயதில் நூற்றுக்கு 69 பேருக்கு டிஸ்க் புடைப்பு தெரிகிறது என்று 2015-ல் வெளியான தொகுப்பாய்வு சொல்கிறது.

அம்மாவுக்கு இரண்டு தனித் தொந்தரவு இருக்கலாம். காலுறை போட்ட அளவுக்கு இரு பாதமும் ஒரே மாதிரி எரிந்து, இரவில் கூடினால் அது சர்க்கரையால் வரும் நரம்பு பாதிப்பு, ஆபரேஷனால் போகாது. நடக்க நடக்கக் கனத்து, குனிந்தாலோ திண்ணையில் உட்கார்ந்தாலோ தணிந்தால் அது கால்வாய்க் குறுக்கம். சும்மா நின்றாலே தணிகிறது என்றால் ரத்தக் குழாய் அடைப்பு. பாதத்தில் நாடித் துடிப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் சொன்ன கால்வாய்க் குறுக்கம்தான் முதுகு ஆபரேஷனுக்குக் கேட்கும். அதற்கும் முன் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையை (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் புண்ணில் தொற்று வரும் அபாயம் கூடும். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாள் முதல் ஒரு வாரம் வரை சர்க்கரை ஏறும், வீட்டில் தினமும் பாருங்கள். இதயத்துக்கு ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறாரா? இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.

எண்ணெய் போட்டு நீவிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகத் தடவினால் தவறில்லை. இடுப்பைத் திருகிச் சொடக்கெடுப்பது, முதுகில் ஏறி மிதிப்பது, இதெல்லாம் ஆபரேஷன் ஆன முதுகில் கூடவே கூடாது. எரியும் பாதத்தில் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். உணர்வு குறைந்த காலில் கொப்புளம் கிளம்பிய பிறகுதான் சூடு தெரியும்.

அடுத்த வாரம் எனக்கு இரண்டாவது மைக்ரோ ஆபரேஷன். போன தடவை விட்ட தப்பை இந்தத் தடவை விடாமலிருக்க என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, திருநெல்வேலி

முதல் நாளே, அல்லது மறுநாள், எழுந்து நடக்க வைப்பார்கள். எழும்போது நேராக எழாமல், முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் சேர்ந்து ஒரே பலகையாக ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டபடி கையை ஊன்றி எழுங்கள். திரும்பப் படுக்கும்போதும் அதே வரிசை தலைகீழாக.

முதல் ஆறு வாரம் குனிந்து திருகித் தூக்குவது மூன்றும் சேரக் கூடாது. 3 கிலோவுக்கு மேல் தூக்க வேண்டாம். தண்ணீர்க் குடமும் கிரைண்டர் கல்லும் அதைத் தாண்டும், பேரப்பிள்ளையும் தாண்டும். துணி துவைப்பதும் கோலம் போடுவதும் வேறு யாராவது செய்யட்டும். குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறைக்குப் பதில் மேற்கத்தியது இல்லையென்றால் மேலே வைக்கும் நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கல் வந்து முக்குவது, அடுக்கித் தும்முவது எல்லாம் டிஸ்க்கின் உள்ளழுத்தத்தைக் கூட்டும். வலி மாத்திரையோடு மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள். தும்மல் வந்தால் குனியாமல் நிமிர்ந்து, எதையாவது பிடித்துக்கொண்டு தும்முங்கள்.

பெல்ட்டைப் பயணத்துக்கு மட்டும் போடுங்கள். நாள் முழுக்கப் போட்டால் முதுகுத் தசை சோம்பேறியாகும். நடையை 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி, ஆறாவது வாரத்தில் 30 நிமிடத்துக்குக் கொண்டு வாருங்கள். தசைப் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் தொடங்கிவைக்கட்டும். வீடியோ பார்த்துக் காலையும் தலையையும் சேர்த்துத் தூக்கும் பயிற்சியில் இறங்காதீர்கள். ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வேகத்தடை ஏறுவதையும் ஆறு வாரம் தள்ளிப் போடலாம்.

காலில் மரத்த உணர்வு வலியை விட மெதுவாகத்தான் போகும், மாதங்கள் ஆகும். அதற்காகப் பதற வேண்டாம். புண்ணிலிருந்து தெளிந்த தண்ணீர் கசிந்தாலோ, எழுந்து உட்கார்ந்தால் தலை இடித்துப் படுத்தால் விட்டாலோ தண்டுவட நீர் கசிகிறது என்று அர்த்தம். அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கட்டை நீங்களே பிரித்துப் பார்க்காதீர்கள்.